தோட்டப்புறப் பழங்கட்டடங்களைக் காப்பது எப்படி: செபராங் பிறை மக்களுக்கு ஒரு வழிகாட்டி

2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, பினாங்கில் பழைய கட்டடம் என்றாலே தீவின் கடைவீதிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையை யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய இந்த நிலத்தில், முதலில் கரும்பும் பின்னர் ரப்பரும் அதன்பின் செம்பனையும் பயிரிடப்பட்டன. அவற்றுக்காக வந்த நம் மக்கள் கட்டிய கோவில்களும், அவர்கள் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்களும், இடுகாடுகளும், கிணறுகளும் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. 2014-இல் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு பத்து காவான் பக்கம் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவரும் வேகத்தைப் பார்த்தால், இவற்றைக் காக்கும் வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. ஆலய நிர்வாகக் குழுவினருக்கும், பள்ளி வாரியத்தாருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் பயன்படும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் செய்யவேண்டியது, உங்கள் கட்டடம் சட்டத்தின் கண்ணில் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிவதாகும். ‘எங்கள் கோவில் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது’ என்று பலர் சொல்வார்கள். எந்தப் பட்டியலில் என்று கேட்டால் பதில் வராது. நாட்டளவில் 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் உண்டு. அதன்படி இரண்டு படிநிலைகள் உள்ளன. பாரம்பரிய ஆணையர் ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவித்துப் பதிவேட்டில் சேர்ப்பது ஒன்று; அமைச்சர் அதைத் தேசியப் பாரம்பரியமாகப் பிரகடனம் செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் கவனிப்பது ஜபாத்தான் வாரிசான் நெகாரா எனப்படும் தேசியப் பாரம்பரியத் துறை. பினாங்கு மாநிலத்துக்கு 2011-ஆம் ஆண்டின் மாநிலப் பாரம்பரியச் சட்டம் தனியே இருக்கிறது. இவை தவிர, செபராங் பிறை மாநகர் மன்றம் தன் திட்ட வரைபடங்களில் பாதுகாக்க வேண்டியவை என்று குறித்துவைக்கும் கட்டடங்களும் உண்டு. ஒவ்வொன்றின் வலிமையும் வேறு. அரசிதழில் வெளிவந்த அறிவிப்புக்குத்தான் தண்டனை விதிக்கும் பல் உண்டு. சுற்றுலாத் துறை நட்ட பலகைக்கோ, ஆய்வாளர் ஒருவர் கட்டுரையில் சேர்த்த பட்டியலுக்கோ அது கிடையாது.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அடுத்த மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி எனப்பட்ட பழங்கோவிலின் அடித்தளம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடிக்கப்பட்ட செய்தி 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதற்கு எண் இருந்தது. ஆய்வு நூல்களில் இடம் இருந்தது. நாட்டின் மிகப் பழைய நாகரிகத் தடங்களில் ஒன்று என்று பாடப்புத்தகம் படித்தவர்களுக்கும் தெரியும். ஆனால் அது தனியார் நிலத்தில் இருந்தது, அரசிதழில் பதிவாகவும் இல்லை. புகழ் மட்டும் ஒரு கட்டடத்தைக் காக்காது என்பதற்கு நிபோங் திபால் அருகே கலிடோனியா தோட்டத்தில் சிதைந்து கிடக்கும் 99 கதவு மாளிகையும் சாட்சி. அதன் பேய்க்கதைகளைக் கேட்டு வந்தவர்களின் கிறுக்கல்கள்தாம் அதன் சுவர்களில் மிஞ்சின.

அடுத்து, நிலம் யாருடையது என்று பாருங்கள். மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி ‘சாரியான் ரஸ்மி’ எனப்படும் அதிகாரபூர்வத் தேடலைச் செய்தால், நிலப்பட்டாவில் உள்ள உரிமையாளர் பெயர், நிலப் பயன்பாட்டு வகை, அடமானம் அல்லது தடையுரிமை ஏதும் பதிவாகியுள்ளதா என்ற விவரங்கள் கிடைக்கும். இதற்கு லாட் எண், அதாவது அந்த நிலத்துண்டின் பதிவு எண், தேவை. எண் தெரியாவிட்டால், கட்டடத்தின் இருப்பிடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து எடுத்துச் சென்றால் அலுவலகத்தில் அடையாளம் காண உதவுவார்கள். தோட்டத்துக்குள் இருக்கும் பெரும்பாலான கோவில்களுக்குத் தனிப்பட்டா கிடையாது. பெரிய துரையின் வாய்வார்த்தையில் கட்டப்பட்டவை அவை. தோட்டம் மூன்று நான்கு கை மாறிய பின் அந்த வாய்வார்த்தைக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பாரம்பரியப் பதிவு நில உரிமையைத் தராது. பட்டியலில் சேர்ந்துவிட்டால் நிலம் கோவிலுக்கு வந்துவிடும் என்று நம்பி விண்ணப்பிப்பவர்கள் பின்னால் ஏமாற்றம் அடைகிறார்கள். நில மாற்றத்துக்கான விண்ணப்பம் வேறு, பாரம்பரிய விண்ணப்பம் வேறு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுமே தேங்கிவிடும்.

மூன்றாவது வேலை ஆவணப்படுத்துதல். இதற்கு யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே தொடங்கலாம். கட்டடத்தின் நான்கு பக்கங்களையும் நேராக நின்று படமெடுங்கள். பிறகு ஒவ்வோர் அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும், கூரையின் உட்புறத்தையும், கதவு, சன்னல், தூண், படி ஆகியவற்றைத் தனித்தனியாகவும் எடுங்கள். சிறு விவரங்களை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் பின்னால் செதுக்குபவருக்கும் பூசுபவருக்கும் அது பெரிய உதவி. கல்வெட்டு தேய்ந்திருந்தால் மாவு தடவவோ சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பவோ வேண்டாம். இருட்டிய பிறகு கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத எழுத்தும் நிழலால் எழுந்து நிற்கும். இடுகாட்டுக் கல்லறைகளுக்கும் இதுவே வழி. கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவது, அமிலம் ஊற்றிக் கழுவுவது ஆகிய இரண்டும் எழுத்தோடு சேர்த்துக் கல்லின் தோலையும் உரித்துவிடும்.

படங்களோடு சான்றுகளையும் திரட்ட வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் நம்மிடையே மிகுதி. ஆதாரமில்லாமல் ‘நூற்றைம்பது ஆண்டுக் கோவில்’ என்று எழுதினால், அதிகாரி ஒருவர் முதல் கேள்வி கேட்கும்போதே மற்ற உண்மைகளும் சேர்ந்து எடை இழந்துவிடும். மணியில் வார்க்கப்பட்ட ஆண்டு, உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குப் பலகை, பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு, தோட்ட நிறுவனத்தின் வரைபடம், திருவிழா அழைப்பிதழ், மூத்தவர் ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கும் திருமணப் படத்தின் பின்னணியில் தெரியும் கோபுரம் ஆகிய இவையெல்லாம் சான்றுகளே. சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்துள்ள பழைய செய்தித்தாள் தொகுப்பில் பினாங்கின் ஆங்கில நாளேடுகளும் ‘தமிழ் முரசு’ம் உள்ளன, தோட்டத்தின் பெயரைப் பலவிதமான எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். பெரியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும்போது, ‘கோவிலின் வரலாறு என்ன?’ என்று கேட்டால் புராணம்தான் வரும். எந்தக் கங்காணி காலத்தில் மண்டபம் எழும்பியது, கல்லும் மணலும் எங்கிருந்து மாட்டுவண்டியில் வந்தன, லயத்து வீடுகள் எந்தப் பக்கம் இருந்தன, சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேளுங்கள். அந்த வரலாறு வேறு எங்கும் எழுதப்படவில்லை.

இந்த ஆவணம் கையில் இருந்தால் முன்மொழிவு எழுதுவது எளிது. தேசியப் பாரம்பரியமாக அறிவிக்க ஓர் இடத்தை முன்மொழியும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் சட்டத்தில் உண்டு; வழக்கறிஞரோ அரசியல்வாதியோ கையெழுத்திட வேண்டும் என்பதில்லை. சட்டம் பார்க்கும் அளவுகோல்களில் வரலாற்று முக்கியத்துவம், வடிவமைப்பின் அழகு, தொழில்நுட்பச் சாதனை, சமூகத் தொடர்பு, கல்விப் பயன், அரிய தன்மை, ஒரு வகையின் எடுத்துக்காட்டாக நிற்கும் தன்மை முதலியன அடங்கும். தோட்டக் கோவிலை மாநகரின் பெருங்கோவிலோடு அழகில் ஒப்பிட்டு எழுதினால் தோற்றுப்போகும். 1833-இல் நிறுவப்பட்ட ஜார்ஜ்டவுன் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலின் கோபுரத்துக்கு நிகராகத் தகரக் கூரை மண்டபத்தைக் காட்ட முடியாது. ஆனால் கோவிலும் பள்ளியும் லயமும் மருந்தகமும் ஒரே வளாகத்தில் எஞ்சியிருக்கும் தோட்டம் இனி எத்தனை? ‘ஒரு வகையின் எடுத்துக்காட்டு’ என்ற அளவுகோலைப் பற்றிக்கொண்டு, முழு வளாகத்தையும் ஒன்றாக முன்மொழிவதே என் கணிப்பில் வலுவான வழி. மாநில அரசையும் நில உரிமையாளரையும் கலக்காமல் அறிவிப்பு வராது என்பதால், விண்ணப்பத்தின் நகலை மாவட்ட அதிகாரிக்கும், மாநகர் மன்றத்துக்கும், தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பிப் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிவையுங்கள். இந்துக் கோவிலானால் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்துக்கும் ஒரு நகல் போகட்டும்.

அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ்த் தயாராகும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலமே மிக முக்கியமான தருணம். வரைபடத்தில் உங்கள் லாட் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அப்போது பார்த்து, எழுத்துமூலம் கருத்துச் சொல்ல வேண்டும். திட்டம் முடிவான பிறகு கூச்சல் போட்டுப் பயனில்லை. உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத இடத்தில் மேம்பாட்டு நிறுவனம் ஒன்று திட்டமிடல் அனுமதி கேட்டால், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் அறிவிப்பு அனுப்பும். 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இங்கேதான் ஒரு சிக்கல். பட்டா இல்லாத கோவில் ‘நில உரிமையாளர்’ ஆகாது. ஆகவே கடிதம் கோவிலுக்கு வராது. பக்கத்து நிலங்களுக்கு உரிமையாளர் யார் என்று தெரிந்துவைத்து, கடிதம் வந்தால் உடனே தகவல் தருமாறு அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சீனர் ஒருவரின் காய்கறித் தோட்டமோ மலாய்க்காரர் ஒருவரின் கம்போங் வீடோ பக்கத்தில் இருந்தால், அந்த நட்பு பல நேரம் வழக்கறிஞர் கடிதத்தைவிடப் பயன் தரும்.

இனி, கட்டடத்தைப் பேணும் வேலை. இடிப்பு இயந்திரத்தால் போனதைவிட நம் கையால், அதுவும் பக்தியோடும் நல்லெண்ணத்தோடும், சிமென்ட் பூசிப் போனது அதிகம் என்பது என் துணிபு. பழைய சுவரின் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புக் கலவையில் கட்டி, சுண்ணாம்பால் பூசப்பட்டது. மழை மிகுந்த நம் ஊரில் நிலத்து ஈரம் அடிச்சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே அது ஆவியாக வெளியேறும். இயல்பாக நடக்கும் இந்தப் போக்குவரத்தைச் சிமென்ட் அடைத்துவிடுகிறது. வெளியே வர வழியில்லாத ஈரம் சுவரில் இன்னும் மேலே ஏறுகிறது. அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே பளிங்காகி, கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. முழங்கால் உயரத்தில் அந்த உப்பின் வெள்ளைப் பூப்பைக் கண்டதும் நிர்வாகக் குழு இடுப்பளவு சிமென்ட் பூசி, அதன்மேல் கழிப்பறைச் சுவர்போல் டைல்ஸ் ஒட்டுகிறது. நாலைந்து ஆண்டில் பூப்பு டைல்ஸுக்கு மேலே தோன்றுகிறது. அப்போது டைல்ஸைப் பெயர்த்தால் அதன் பின்னால் செங்கல் இருக்காது, சிவப்புத் தூள் கொட்டும்.

சுவரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கும் இடத்தில் ஓசை பொள்ளென்று மாறும். அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துத் தேதி எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அது பரவியிருக்கிறதா என்று தெரியும். பழுதை நீக்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும். பெரும்பாலும் காரணம் எளிதானது: கூரைத் தாழ்வாரத்தின் உடைந்த தண்ணீர்க்குழாய், அடைபட்ட வடிகால், அல்லது கார் நிறுத்துவதற்காகச் சுவரை ஒட்டி உயர்த்திப் போட்ட தார்த்தளம். சுவரைச் சுற்றி ஓரடி அகலத்துக்குத் தளத்தை உடைத்தெடுத்துச் சரளைக்கல் நிரப்பினாலே பாதி நோய் தீரும். அதன்பின் சிமென்ட்டைச் சிற்றுளியால் மெதுவாகப் பெயர்த்து, சுவரை வாரக்கணக்கில் ஆறவிட்டு, நன்கு ஊறிய சுண்ணாம்புச் சாந்து ஒரு பங்கும் உப்பில்லாத மணல் மூன்று பங்கும் கலந்து மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட வேண்டாம். வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அதற்கு நாளாகும். மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும்.

இந்த வேலை நம்மவருக்குப் புதிதல்ல. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 19-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கைதிகள் கட்டியபோது, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்த மதராஸ் சுண்ணத்தைத்தான் பூசினார்கள். இன்று சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவது கடினம். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். பதிவுபெற்ற தலமானால் பாரம்பரிய ஆணையரின் ஒப்புதலின்றி எந்த மராமத்தும் செய்யக் கூடாது.

கோபுரத்தின் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்க மனம் வராமல் விட்டுவிடுவோர் உண்டு. இரண்டு இலை விடும்போதே எடுத்துத் தொட்டியில் நட்டுவிட்டால் பாவமும் இல்லை, சுவரும் பிழைக்கும். வேர் உள்ளே இறங்கிவிட்டால் இழுக்காதீர்கள். செங்கலும் கூடவே வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் காய்ந்த பிறகு பிளவைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் குடமுழுக்குத்தான் தோட்டக் கோவிலுக்கு மிகப் பெரிய சோதனை. நன்கொடை குவிகிறது, தேதி குறிக்கப்படுகிறது, தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியும் சிற்பிகளும் வருகிறார்கள். விசா முடிவதற்குள் வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் பழைய சுதைச் சிற்பங்கள் உடைக்கப்பட்டுப் புதியவை எழுகின்றன. திருப்பணி நடக்கத்தான் வேண்டும். ஆகமம் சொல்வதும் அதுவே. ஆனால் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயத்துக்கு முன்பே ஒவ்வொரு சிற்பத்துக்கும் எண் கொடுத்துப் படமெடுத்து, எது பழுதுபார்க்கத்தக்கது, எது உண்மையிலேயே மீட்க முடியாதது என்று ஸ்தபதியோடு நடந்து பார்த்துப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள். மறைவான ஒரு மூலையில் ஐம்பது சென் நாணய அளவுக்குப் பெயின்டை அடுக்கடுக்காகச் சுரண்டினால், ஒளிரும் எனாமலுக்குக் கீழே முன்னோர் பூசிய காவியும் நீலமும் தெரியவரும். புதிய வண்ணத்தை அதைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாம். மணல் வீச்சு இயந்திரத்தால் சுத்தம் செய்வதற்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் சம்மதிக்காதீர்கள். கழற்றிய மணி, விளக்கு, மரக்கதவு, உபயதாரர் பலகை எதுவும் பழைய இரும்புக்காரரிடம் போகக் கூடாது. பிரகாரத்தில் ஒரு சிறிய அறை ஒதுக்கினால் போதும்.

அடித்தளம் தோண்டும்போது பழம்பொருள் ஏதும் கிடைத்தால், அதை எடுத்துக் கழுவாமல் இருந்த இடத்திலேயே விட்டு, வேலையை நிறுத்தி, மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள். செபராங் பிறை மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. வடக்கே குவார் கெப்பாவில், புதிய கற்கால மக்கள் விட்டுச்சென்ற சிப்பி மேடுகள் சுண்ணாம்புக்காகவே பெருமளவு தோண்டப்பட்டுவிட்டன. அப்படியிருந்தும் 2017-இல் அங்கே ‘பினாங்குப் பெண்’ எனப் பெயர் பெற்ற எலும்புக்கூடு வெளிப்பட்டது. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்திலுள்ள செரோக் தோக் குன் கல்வெட்டு, தென்னிந்திய எழுத்து பொறித்த பாறை. 1845-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ பதிவு செய்த அது இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இடிப்பு வேலை திடீரென்று தொடங்கிவிட்டால் இயந்திரத்தின் முன் போய்ப் படுப்பதைவிட, தேதியும் நேரமும் தெரியும்படி வீடியோ எடுத்து, காவல்நிலையத்தில் புகார் பதிந்து, அதன் எண்ணோடு மாநகர் மன்றத்துக்கும் பாரம்பரியத் துறைக்கும் அன்றே எழுதுங்கள். அறிவிக்கப்படாத தலத்துக்கும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க ஆணையருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அதைக் கேட்கும் கடிதத்தை ஆவணத் தொகுப்போடு சேர்த்து முன்பே தயார்செய்து, தேதி மட்டும் போட வேண்டிய நிலையில் வைத்திருப்பது நல்லது.

நிர்வாகக் குழு மாறும்போது கோப்பும் மாயமாகிவிடுவது நம் சங்கங்களின் தீராத வழக்கம். ஆகவே படங்கள், வரைபடம், தேடல் அறிக்கை, முத்திரை பெற்ற கடித நகல்கள் அனைத்தையும் மூன்று படிகள் எடுத்து, ஒன்றைக் கோவிலிலும், ஒன்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும், ஒன்றை ஊருக்கு வெளியே வசிக்கும் பழைய மாணவர் ஒருவரிடமும் வையுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘கட்டடக் கோப்பு ஒப்படைப்பு’ என்று ஒரு வரி சேர்த்து, வாங்கியவரின் கையெழுத்தோடு குறிப்பேட்டில் பதியுங்கள்.